வாசகர் கேள்வி–பதில்: இயன் சூறாவளியும் கூம்பின் ஓரத்து ஊர்களும்

2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கிய ‘இயன்’ சூறாவளியை முன்வைத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இவ்வாரம் விடை தருகிறோம்.

சூறாவளி டாம்பா நகரை நோக்கி வருவதாகச் சொன்னார்கள். கடைசியில் அது வெகு தெற்கே ஃபோர்ட் மையர்ஸ் அருகே கரையைக் கடந்தது. அப்படியானால் கணிப்பு பொய்த்துவிட்டதா? – ஒரு வாசகர், கும்பகோணம்

பொய்த்தது என்று சொல்ல மாட்டேன். மயாமியிலுள்ள தேசிய சூறாவளி மையம் வெளியிடும் வரைபடத்தில், புயலின் மையம் செல்லக்கூடிய பாதையாக நடுவே ஒரு கோடும் அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு கூம்பும் இருக்கும். முந்தைய ஐந்தாண்டுக் கணிப்புகளில் நேர்ந்த பிழைகளை அளந்து, புயலின் மையம் மூன்றில் இரண்டு முறையாவது உள்ளே அடங்கும் அளவுக்கு அந்தக் கூம்பின் அகலத்தை வரையறுக்கிறார்கள். அதாவது, மூன்றில் ஒரு முறை மையம் கூம்புக்கு வெளியே போவதும் எதிர்பார்க்கப்பட்டதே. இயனின் நடுக்கோடு முதலில் வடக்கே இருந்து, நாளுக்கு நாள் தென்கிழக்காக நகர்ந்து வந்தது. ஃபோர்ட் மையர்ஸ் அமைந்துள்ள லீ மாவட்டம் கூம்பின் ஓரத்தில் இருந்தது. ஓரம் என்றால் ஆபத்து குறைவு என்று பலர் எண்ணிவிட்டார்கள். கூம்பு மையத்தின் பாதையை மட்டுமே காட்டுகிறது. புயலின் அகலத்தையோ, கடல் எங்கெல்லாம் ஏறும் என்பதையோ அது காட்டுவதில்லை. லீ மாவட்டத்தில் மக்களை வெளியேறச் சொல்லும் ஆணை செப்டம்பர் 27-ஆம் தேதி காலையில்தான் வந்தது. மறுநாள் பிற்பகல் 3 மணியளவில் சூறாவளி அம்மாவட்டத்தின் காயோ கோஸ்டா தீவில் கரையேறிவிட்டது. முதியோர் மிகுந்த, பாலத்தை நம்பி வாழும் தீவுகள் நிறைந்த ஒரு மாவட்டத்துக்கு அந்த அவகாசம் போதாது என்பதே என் உறுதியான கருத்து.

2004-இல் வந்த சார்லி சூறாவளியும் அதே இடத்தில், அதே வேகத்தில்தான் கரையைக் கடந்ததாகப் படித்தேன். இயன் மட்டும் ஏன் இத்தனை உயிர்களைப் பறித்தது? – ஒரு வாசகி, திருநெல்வேலி

மிக முக்கியமான கேள்வி. காற்றின் வேகத்தைக் கொண்டு ஒன்று முதல் ஐந்து வரை வகுக்கும் அளவுகோலில் இரண்டுமே நான்காம் வகைச் சூறாவளிகள். இரண்டும் மணிக்கு ஏறத்தாழ 240 கி.மீ. வேகக் காற்றுடன் காயோ கோஸ்டாவில் கரையேறின. ஆனால் சார்லி சிறிய உருவம் கொண்டது. அதன் கண், அதாவது நடுவிலுள்ள அமைதியான பகுதி, 10 கி.மீ. அகலம்கூட இல்லை, விரைந்து வந்து விரைந்து கடந்துவிட்டது. இயன் அதைவிடப் பெரியது, மெதுவாக நகர்ந்தது. அதனால் பரந்த கடற்பரப்பின் மீது நெடுநேரம் வீசித் தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் கடலடி வெகுதூரம் வரை ஆழமற்றுச் சரிந்து செல்வதால், தள்ளப்பட்ட நீர் கீழே இறங்கிப் போக வழியின்றி நிலத்தின் மீது ஏறியது. ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் தரைமட்டத்துக்கு மேல் 10 முதல் 15 அடி வரை கடல்நீர் நின்றது. வீடுகள் அடித்தளத்தோடு பெயர்ந்து போயின. சானிபெல் தீவுக்குச் செல்லும் பாலச்சாலை பல இடங்களில் அறுந்தது. இச்சூறாவளியால் நேரடியாக இறந்த 66 பேரில் 41 பேர் இந்தக் கடல்பெருக்கில் மாண்டவர்கள். சார்லியைத் தாங்கி நின்ற வீடு இதையும் தாங்கும் என்று தங்கிவிட்டவர்கள் அவ்வூர்களில் இருந்தார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

வகை எண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்லும். 2008-இல் டெக்சாஸைத் தாக்கிய ஐக் இரண்டாம் வகைதான். ஆனால் பொலிவர் தீபகற்பத்தில் கடல் 15 அடிக்கு மேல் எழுந்தது. 2005-இல் மூன்றாம் வகையாகக் கரையேறிய கத்ரீனா, மிசிசிப்பிக் கரையில் ஏறத்தாழ 28 அடி உயரத்துக்குக் கடலைக் கொண்டுவந்தது. இத்தகைய அனுபவங்களுக்குப் பிறகே, 2017 முதல் கடல்பெருக்குக்கெனத் தனி எச்சரிக்கை அதிகாரபூர்வமாக வெளியிடப்படுகிறது.

இயன் கரையேறிய அதே நாளில் டாம்பா விரிகுடாவில் தண்ணீர் வற்றிய காணொளியைப் பார்த்தேன். இது எப்படி? – ஒரு மாணவர், கோவை

வட அரைக்கோளத்தில் புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். மேற்குக் கரையில் ஏறும் புயலின் தெற்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கும், வடக்கே நிலத்திலிருந்து கடலுக்கும் வீசும். டாம்பா வடக்கே இருந்ததால் விரிகுடாவின் நீர் வெளியே தள்ளப்பட்டது. பேஷோர் புல்வார்டு சாலையோரம் சேறு தெரிய, சிலர் அதில் இறங்கி நடந்தார்கள். காற்றுத் தணிந்ததும் நீர் திரும்பும் என்பதால் அது ஆபத்தான செயல். மையம் டாம்பாவுக்குச் சற்று வடக்கே கரையேறியிருந்தால், அந்த நீர் நகருக்குள் புகுந்திருக்கும்.

செயற்கைக்கோள்கள் இருக்கும்போது விமானத்தைப் புயலுக்குள் ஏன் அனுப்புகிறார்கள்? – ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

செயற்கைக்கோள் மேகத்தின் உச்சியைப் பார்க்கிறது. கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தை நேரடியாக அளக்க அதனால் இயலாது. மிசிசிப்பியின் கீஸ்லர் தளத்திலிருந்து புறப்படும் விமானப்படை விமானங்கள் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் கண்ணை ஊடுருவிச் சென்று, சிறு பாராசூட் கட்டிய குழாய் வடிவக் கருவிகளைக் கீழே போடுகின்றன. அவை கடலைத் தொடும் வரை அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகியவற்றை வானொலி அலையில் அனுப்பிக்கொண்டே விழுகின்றன. இந்த அளவீடுகள் கணினி மாதிரிகளுக்குள் செல்லும்போது பாதைக் கணிப்பு கூர்மையடைகிறது.

என் மகள் டாம்பாவில் குடியிருக்கிறாள். புயல் காலத்தில் அவளிடம் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? – ஒரு தாய், மதுரை

புயல் எத்தனையாம் வகை என்பதற்கு முன், அவர் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் உள்ளது என்று கேளுங்கள் அம்மா. அங்கே கரையோர மாவட்டங்கள் கடல்பெருக்கின் அபாயத்தைக் கொண்டு ‘ஏ’ தொடங்கி எழுத்துகளால் மண்டலங்களைப் பிரித்திருக்கின்றன; ‘ஏ’ மண்டலம்தான் முதலில் வெளியேற வேண்டியது. மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் முகவரியை இட்டால் எழுத்து தெரிந்துவிடும். மண்டலத்துக்கு ஆணை வந்ததும், கூம்பின் நடுக்கோடு எங்கே செல்கிறது என்று காத்திராமல் அவர் கிளம்பிவிட வேண்டும். தொலைதூரம் போக வேண்டியதில்லை. மண்டலத்துக்கு வெளியே, மேடான பகுதியில், உறுதியான கட்டடத்தில் வசிக்கும் நண்பர் வீடு போதும். அந்த நண்பர் யார் என்பதை, அட்லாண்டிக் புயல் பருவம் தொடங்கும் ஜூன் 1-க்கு முன்பே பேசி முடிவு செய்துவைக்கச் சொல்லுங்கள்.