வேக்போர்டின் கால்கட்டைக் கழற்றினால் வேக்ஸ்கேட் ஆகிவிடுமா?

ஆகும், ஆனால் பாதிதான். வேக்போர்டு என்பது படகு கயிற்றால் இழுக்க, காலைப் பலகையோடு கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்குவது; வேக்ஸ்கேட்டில் அந்தக் கட்டு கிடையாது. தடா பக்கம் பழவேற்காடு ஏரியில் பைபர் படகுக்குப் பின்னால் பழைய வேக்போர்டில் கால்கட்டைக் கழற்றிவிட்டு ஏறினால், எழுந்த நொடியே வழுக்குகிறது என்கிறீர்கள். பலகையின் மேல்புறம் வழவழப்பாக இருப்பதுதான் காரணமாக இருக்கும்.

வேக்ஸ்கேட் பிறந்த கதையும் கிட்டத்தட்ட இதேதான். 1990களில் அமெரிக்காவில் வேக்போர்டு ஆடியவர்கள், ஸ்கேட்போர்டு மாதிரி கட்டில்லாமல் நிற்கப் பார்த்தார்கள். ஸ்காட் பயர்லி, தாமஸ் ஹொரெல் எல்லாம் அந்த முதல் வரிசை ஆட்கள். பலகையைச் சின்னதாக்கி, மேலே உப்புத்தாள் போன்ற கிரிப் டேப்போ ரப்பர் நுரையோ ஒட்டி, ஷூவோடு ஏறினார்கள். அப்புறம் வின்ச் வந்தது: ஒரு இன்ஜின், கயிறு சுற்றும் உருளை, அவ்வளவுதான். படகே வேண்டாம், வாய்க்கால் போதும். எனக்கு அதுதான் பிடித்த கட்டம்.

சரி, உங்களுக்கு ஒரு சோதனை:

1. பலகையைப் புல்தரையில் போட்டு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.
2. பழைய கேன்வாஸ் ஷூவோடு ஏறி, முட்டியை மடக்கி நாலு குதி குதியுங்கள்.

அங்கேயே வழுக்கினால் கிரிப் ஒட்டுங்கள். வழுக்காவிட்டால் படகின் வேகம் அதிகமாக இருக்கலாம். மணிக்கு 28 கிலோமீட்டர் போல வைத்துப் பாருங்கள். கிரிப் டேப்பில் மட்டும் வெறுங்காலோடு ஏறாதீர்கள், தோல் உரிந்துவிடும்.

இன்னொன்று: பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. தலைகுப்புற விழுந்தால் கழுத்து போய்விடும். வலைகளும் கிடக்கும், பறவைகள் சரணாலயம் வேறு. வனத்துறையிடம் கேட்காமல் படகை எடுக்காதீர்கள்.