இருவர் போனால் ஒரு சொல்

வணக்கம் சார்,

ஸ்லோவேனிய மொழியில் ஒருமை, பன்மை தவிர இருவருக்கென்றே 'இருமை' உண்டாம், அதனால் அது காதலர்களின் மொழியாம். ஒரு காணொளியில் சொன்னார்கள். நம்பலாமா? ஸ்லோவாக்கியாவில் பேசுவதும் இதேதானா?

– ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டும் வேறு. ஸ்லோவேனியம் ஸ்லாவிய மொழிக்குடும்பத்தின் தெற்குக் கிளை, குரோவேஷியத்துக்குப் பக்கத்து வீடு. ஸ்லோவாக், செக் மொழியின் பங்காளி. நீங்கள் குழம்பியதில் தப்பில்லை. அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் அப்படி: ஸ்லோவேனியர் மொழி 'ஸ்லோவென்ஷ்சினா', ஸ்லோவாக்கியர் மொழி 'ஸ்லோவென்சினா'.

இருமை உண்மைதான். நான் போகிறேன் என்றால் 'க்ரெம்'. இருவர் போனால் 'க்ரேவா', மூவரானால் 'க்ரெமோ'. பெயர்ச்சொல்லும் சும்மா இருக்காது. ஒரு மாணவன் 'ஷ்டுடென்ட்', இருவர் 'ஷ்டுடென்டா', மூவர் 'ஷ்டுடென்டி'. ஐந்து பேர் வந்துவிட்டால் வேற்றுமையே மாறி இன்னொரு வடிவம். பள்ளியில் சமஸ்கிருத 'ராம: ராமௌ ராமா:' ஒப்பித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பழைய ஸ்லாவியத்தில் இருந்ததுதான் இது. ரஷ்யனும் போலிஷும் உதிர்த்துவிட்டன, ஸ்லோவேனியர்கள் விடவில்லை.

காதல் கதை சுற்றுலாக்காரர்கள் கட்டியது. இரண்டு மாடு, இரண்டு பீர், வாசலில் வந்து நிற்கும் இரண்டு வரி அதிகாரிகள், எல்லாருக்கும் அதே இருமைதான். எனக்குப் பிடித்த வேடிக்கை வேறு. கண், கை, கால் எல்லாம் பிறவியிலேயே இரண்டு, ஆனால் அவற்றுக்குப் பன்மைதான்! கால் வலிக்கிறது என்பதை 'நோகே மே போலியோ' என்று பன்மையில் சொல்வார்கள். இரண்டு கால் என்று எண்ணிச் சொன்னால் மட்டும் இருமை எட்டிப்பார்க்கும். தாயும் தந்தையுமாகிய பெற்றோருக்கும் பொதுவாகப் பன்மையே. இரண்டென்று ஊருக்கே தெரிந்ததை இலக்கணம் எதற்கு எண்ண வேண்டும்?

பேசுபவர்கள் சுமார் 25 லட்சம் பேர். பிரிமோஷ் ட்ரூபர் என்ற புராட்டஸ்டண்ட் போதகர் 1550-இல் ஜெர்மனியில் ஞானோபதேசமும் அரிச்சுவடியும் அச்சிட்டார், அவையே ஸ்லோவேனியத்தின் முதல் அச்சு நூல்கள். 1584-இல் முழு பைபிளும் ஓர் இலக்கண நூலும் வந்துவிட்டன. தனி நாடு கிடைத்ததோ 1991-இல். அந்த நாலு நூற்றாண்டும் ஆட்சிமொழி பெரும்பாலும் வேறொன்று. 1988-இல்கூட, ஸ்லோவேனியா யூகோஸ்லாவியாவின் பகுதியாக இருந்தபோது, அதன் தலைநகர் லுப்லியானாவிலேயே நடந்த ராணுவ விசாரணை யூகோஸ்லாவிய ராணுவத்தின் மொழியான செர்போ-குரோவேஷியத்தில்தான். ஊர் கொதித்ததில் ஆச்சரியமில்லை.

கற்க ஆரம்பித்தால் ஓர் எச்சரிக்கை. 'க்ரேவா' என்பது 'வா, போகலாம்' என்று அழைக்கவும் பயன்படும். மூன்று பேர் நிற்கும் இடத்தில் ஒருவரைப் பார்த்து அப்படிச் சொன்னால், மற்றவரை விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம்.