ஜிஞ்சர்லியில் இஞ்சி இல்லை

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர்லி’ என்றால் ஜாக்கிரதையாக என்று பொருள். இஞ்சியைப் பார்த்துக் கடிக்க வேண்டும் என்பதால் வந்த சொல் இது என்கிறார்கள். ஜிஞ்சரே தமிழிலிருந்து போனதாமே! அப்படியானால் ஜிஞ்சர்லியும் நம்முடையதுதானே?

பதில்: ஜிஞ்சரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘லி’யில் கை வைக்காதீர்கள்.

நம் பக்கத்து இஞ்சிவேர் சமஸ்கிருதத்தில் சிருங்கவேரம் ஆனது. சிருங்கம் என்றால் கொம்பு. கிழங்கு மான்கொம்பு மாதிரி கிளைத்திருக்கிறதே என்று பிற்பாடு ஒரு காரணமும் கற்பித்துக்கொண்டார்கள். அங்கிருந்து கிரேக்கத்துக்குப் போய் ஸிங்கிபெரிஸ், லத்தீன் வழியாக ஆங்கில ஜிஞ்சர். முன்னால் ‘ச’ எப்படி வந்தது என்பீர்கள். பழந்திராவிட வடிவத்திலேயே சகரம் இருந்தது, தமிழில்தான் உதிர்ந்துவிட்டது என்கிறார்கள் மொழியியலார்.

ஜிஞ்சர்லி வேறு வீட்டுப் பிள்ளை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தில் வந்தபோது அதற்கு ஜாக்கிரதை என்ற பொருளே கிடையாது. நடப்பதிலும் ஆடுவதிலும் சின்னச் சின்ன அடியாக, நளினமாக என்பதுதான் பொருள். பழைய பிரெஞ்சில் ‘ஜென்ட்’ என்றால் நயமான. ‘ஜென்சர்’ என்றால் அதைவிட நயமான. மூலம் அதுவாக இருக்கலாம் என்கிறது ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. ‘இருக்கலாம்’ என்பதைக் கவனிக்கவும். அழுத்தி மிதிக்காதவர் பார்த்து நடப்பவராகவும் தெரிவாரல்லவா, பொருள் அப்படி நகர்ந்தது. ஷேக்ஸ்பியரின் வெரோனா கனவான்கள் நாடகத்தில் தோழி கீழே விழுந்த கடிதத்தைப் பொறுக்குகிறாள். ‘என்ன அது, அவ்வளவு ஜிஞ்சர்லியாக எடுத்தாய்?’ என்று கேட்கிறாள் ஜூலியா.

இஞ்சியிலிருந்து நிஜமாகவே பிறந்தது ‘ஜிஞ்சர் அப்’. சந்தையில் சோனிக் குதிரை வாலைத் தூக்கிக்கொண்டு துள்ள வேண்டும் என்று அதன் பின்புறத்தில் இஞ்சியைச் அந்தக் காலத்தில் செருகுவார்கள் இங்கிலாந்துக் குதிரைத் தரகர்கள். உசுப்பேற்றுவது என்று அர்த்தம். ஜாக்கிரதைக்கு நேரெதிர்!

எழுதும்போது ஒன்று. ஜிஞ்சர்லி செய்கைக்குரியது, குணத்துக்கு அல்ல. வலிக்கிற பல்லை நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பதும், பாசி பிடித்த படித்துறையில் கால் வைப்பதும் ஜிஞ்சர்லி. ‘ஹி இஸ் ஜிஞ்சர்லி’ என்று ஆளைச் சொன்னால் தவறு. அதற்குக் ‘காஷியஸ்’ இருக்கிறது. ‘லி’யில் முடிந்தாலும் பெயரடையாகவும் வரும் என்பதால் ‘ஜிஞ்சர்லி ஸ்டெப்ஸ்’ சரியே.

நல்லெண்ணெய் பாட்டிலில் ‘ஜிஞ்ஜலி’ என்று இருக்கிறதே என்று அடுத்த வாரம் எழுதிவிடாதீர்கள். அது எள்ளுக்கு அரபியர் வைத்த பெயர். போர்த்துகீசியர் வாய்ப்பட்டு வந்தது.