உறுத்தலை விடுங்கள், தட்டைக் கவனியுங்கள்

கேள்வி: எங்கள் பூனைக்கு 13 வயது. தண்ணீரை நிறையக் குடித்தாள், உடம்பும் இளைத்தது. ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 3.4, சிறுநீரக நோய் என்றார் டாக்டர். தோலுக்கடியில் சலைன் ஏற்ற எங்களுக்கும் கற்றுக்கொடுத்தார். ஊசியை எடுத்தாலே கை நடுங்குகிறது. நோய்க்கென்று கொடுத்த உணவை அவள் முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறாள். முன்பே கவனிக்காமல் விட்டேனோ?

பதில்: இல்லை. சிறுநீரகத்தின் முக்கால்வாசி வேலை போன பிறகுதான் பொதுவாகக் கிரியாட்டினின் ஏறும். அதுவரை பூனை பெரும்பாலும் வெளியே காட்டிக்கொள்ளாது. 3.4 என்பது இந்த நோயின் நான்கு நிலைகளில் மூன்றாவது. என் பூனை கருப்பிக்கும் அந்த நிலையில்தான் தெரிய வந்தது, அதன்பின் இரண்டு வருடம் என்னோடு இருந்தாள்.

முதல் வாரம் எனக்கும் கை நடுங்கியது. சலைன் பையை வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்த பிறகு ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் கருப்பி துள்ளாமல் உட்கார்ந்தாள். தோள்களுக்கு நடுவே தோலைத் தூக்கிப் பிடித்தால் அடியில் ஒரு குழி விழும், ஊசி அங்கே போக வேண்டும். ஏற்றியதும் அந்த இடம் புடைத்து, சில சமயம் முன்னங்கால் பக்கம் இறங்கும். அதைப் பார்த்து ராத்திரி டாக்டருக்குப் போன் செய்தவள் நான். சில மணி நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும். எத்தனை மில்லி என்பதை மட்டும் நீங்களாகக் கூட்டாதீர்கள், இதயம் பலவீனமாக இருந்தால் அது ஆபத்து.

சரி, சாப்பாடு. எனக்கு ஊசியைவிட இதுதான் பெரிய கவலை. நான் பழைய உணவை ஒரே நாளில் நிறுத்தினேன், கருப்பி இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். பூனை அப்படிக் கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. புது உணவில் சிறுநீரகத்துக்குச் சுமையாகும் பாஸ்பரஸ் குறைவு, அதனால் நல்லதுதான். ஆனால் வயிற்றுக்குள் போனால்தானே? பழையதோடு ஒரு ஸ்பூன் கலந்து, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். லேசாகச் சூடாக்கினால் வாசனை எழும். பழையதைத்தான் தின்பேன் என்றால் தின்னட்டும், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த உணவில் கலக்கும் மருந்து இருக்கிறது.

இன்னொன்று. முகர்ந்துவிட்டு உதட்டை நக்குகிறாளா? அது பிடிவாதமில்லை, குமட்டல். டாக்டரிடம் சொன்னால் அதற்கு மருந்து தருவார். கருப்பிக்கு அந்த மாத்திரை கொடுத்த மறுநாள் காலையில் அவளே தட்டின் அருகே வந்து உட்கார்ந்தாள்.

அப்புறம், ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் அது ஏறினால் திடீரென்று பார்வை போய்விடலாம்.