பழைய பொருளை இணையத்தில் விற்கும்போது: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் ஐந்தாம் தளத்தில் குடியிருக்கிறோம். கனடாவில் இருக்கும் மகளிடம் போகவிருப்பதால் சலவை இயந்திரத்தையும் தேக்கு அலுமாரியையும் விற்க இணையத்தில் விளம்பரம் போட்டோம். ஒரு மணித்தியாலத்துக்குள் ஒருவர் வட்ஸ்அப்பில் தொடர்பு கொண்டார். விலையைக் குறைக்கச் சொல்லவில்லை, பொருளைப் பார்க்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. தாம் காசு கட்டிவிட்டதாகவும், அது எங்கள் கையில் கிடைக்க, தாம் அனுப்பும் இணைப்பைத் திறந்து வங்கி அட்டை விபரங்களைப் பதிய வேண்டும் என்றும் சொல்கிறார். பதியலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: பதிய வேண்டாம், அம்மா. அந்த மனிதர் உங்கள் அலுமாரியை வாங்க வந்தவர் அல்லர். ஒருவர் உங்களுக்குக் காசு அனுப்புவதற்கு உங்கள் பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் ஆகிய நான்கும் போதும். அட்டையின் இலக்கம், அது காலாவதியாகும் மாதம், பின்புறத்தில் உள்ள மூன்று இலக்கங்கள், தொலைபேசிக்கு வரும் ஓடிபி எண் ஆகியவை கணக்கிலிருந்து காசை வெளியே எடுப்பதற்கு மட்டுமே தேவைப்படுபவை. அந்த இணைப்பு ஏதாவதொரு வங்கியின் அல்லது கூரியர் நிறுவனத்தின் பக்கத்தைப் போல, சின்னமும் நிறமும் மாறாமல் அச்சொட்டாக இருக்கும். அதை நம்பித்தான் படித்தவர்களும் அகப்படுகிறார்கள். ஓடிபி வரும் குறுஞ்செய்தியை எண்ணுக்காக மட்டும் பார்க்காமல் முழுவதுமாக வாசித்துப் பாருங்கள். எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்பது பெரும்பாலும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும்.

நீங்கள் எழுதியதில் என் கண்ணில் முதலில் பட்டது இணைப்பு அல்ல, அவர் விலை பேசவில்லை என்பதுதான். புறக்கோட்டையில் ஒரு கிலோ வெங்காயத்துக்கே பேரம் பேசும் ஊர் இது. பழைய அலுமாரியைக் கதவு திறந்து பார்க்காமல், கறையான் பிடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல், கேட்ட விலைக்குச் சரி என்பவர் வாங்கப் போவதில்லை.

ஒருவேளை விபரங்களை ஏற்கெனவே கொடுத்திருந்தால், வேறு எதற்கும் முன்னர் வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். பிறகு கிளைக்கு எழுத்து மூலம் முறையிட்டு அதன் பிரதியை வைத்துக்கொண்டு, பொலிஸிலும் முறைப்பாடு செய்யுங்கள். இத்தகைய இணைய மோசடிகளை, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான ஸ்ரீலங்கா சேர்ட்டின் 101 என்ற இலக்கத்துக்கும் அறிவிக்கலாம். வட்ஸ்அப் உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சான்று.

உண்மையாகவே வாங்க வருபவரிடமும் ஒரு விடயத்தில் கண்டிப்பாக இருங்கள். கணக்கில் காசு விழுந்ததை உங்கள் சொந்த வங்கிச் செயலியில் பார்த்த பிறகே பொருள் மின்தூக்கியில் ஏற வேண்டும். அவர் காட்டும் பற்றுச்சீட்டின் படமும் போதாது, வங்கியின் பெயரில் வந்தது போலத் தெரியும் குறுஞ்செய்தியும் போதாது, இரண்டையும் போலியாக உருவாக்க முடியும். காசோலையாக இருந்தால், வைப்பிலிட்ட அன்றே மீதியில் தொகை தெரிந்தாலும், அது மாறி முடியும்வரை திரும்பி வரலாம். கையில் காசாகத் தந்தால் 5000 ரூபாய்த் தாள்களை வெளிச்சத்தில் பிடித்து நீர்வரி அடையாளத்தைப் பார்த்து வாங்குங்கள். அதற்காக எவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இன்னொன்று: பொருளை ஏற்றும் நாளைத் தொடர்மாடி முகாமைத்துவத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தேக்கு அலுமாரி மின்தூக்கிக்குள் நுழையுமா என்று இப்போதே அளந்து, கழற்றிப் பூட்டும் கூலியும் டிமோ பட்டா லொறிக் கூலியும் யாருடையது என்பதை விலை பேசும்போதே முடிவு செய்துவிடுங்கள். காலி வீதியில் லொறியை நிறுத்திவைத்துக்கொண்டு அதைப் பேசினால் நீங்கள்தான் இறங்கிப் போவீர்கள்.

கேள்வி: 2018 இல் 72,000 ரூபாய்க்கு வாங்கிய குளிர்சாதனப் பெட்டிக்கு இன்று என்ன விலை போடலாம்? பாதி விலை போதும் என்கிறார் மனைவி. (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: வாங்கிய விலையை மறந்துவிடுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாயைத் தொட்டது. இறக்குமதிப் பொருட்களின் விலையும் அதனுடன் ஏறியது. ஆகவே 2018 இன் பாதி என்பது இன்றைய சந்தையோடு தொடர்பில்லாத கணக்கு. அதே கொள்ளளவுள்ள புதிய பெட்டி கடையில் இன்று என்ன விலை என்று விசாரியுங்கள். பிறகு இக்மன் தளத்திலும் பேஸ்புக் சந்தையிலும் அதே மொடலுக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாருங்கள். அவை கேட்கும் விலைகளே தவிர விற்ற விலைகள் அல்ல. வாரக்கணக்கில் அகலாமல் கிடக்கும் விளம்பரம் அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதைச் சொல்கிறது. உங்களுடையது இன்வேர்ட்டர் வகை இல்லையென்றால், மின்கட்டணத்தை நினைத்து வாங்குபவர் குறைத்துத்தான் கேட்பார், அதற்கு இடம் வைத்து விலையைப் போடுங்கள்.

கதவின் றப்பர் பட்டி இளகியிருந்தாலோ ஒருமுறை வாயு நிரப்பியிருந்தாலோ விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். உள்தட்டு, பின்பக்கம், மொடல் இலக்கம் ஒட்டிய தகடு ஆகிய மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போட்டால் வீண் அழைப்புகள் பாதியாகக் குறையும். அழைப்பவர்களில் பலர் சிங்களத்தில் பேசுவார்கள் என்பதால் விளம்பரத்திலும் இரண்டு வரி சிங்களத்தில் இருப்பது நல்லது. ஆட்கள் பார்க்க வரும்போது பெட்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்தித் துடைத்து வைத்த பெட்டியை யாரும் நம்புவதில்லை.

கேள்வி: என் பழைய கைத்தொலைபேசியை விற்கிறேன். படங்களை அழித்தால் போதுமா? (மாணவர், தெஹிவளை)

பதில்: போதாது, தம்பி. முதலில் தேவையானவற்றைப் பிரதி எடுத்து, வங்கிச் செயலிகளிலிருந்து வெளியேறி, கூகிள் அல்லது அப்பிள் கணக்கையும் அதிலிருந்து அகற்றுங்கள். அதன் பின்னரே தொலைபேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீளமையுங்கள். வரிசை மாறினால் வாங்கியவரால் அதைத் திறக்கவே முடியாமல் போகலாம், உங்களுடைய கடவுச்சொல்லைக் கேட்டு அழைப்பார். சிம்மையும் மெமரி அட்டையையும் கழற்றிய பின், *#06# என்று அழுத்தினால் வரும் ஐஎம்ஈஐ இலக்கத்தை (அந்தத் தொலைபேசிக்கே உரிய அடையாள இலக்கம்) ஒரு தாளில் குறித்து, திகதி, விலை, வாங்குபவரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம் ஆகியவற்றுடன் இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு அந்தத் தொலைபேசி ஏதாவது வழக்கில் சிக்கினால், அது எப்போது உங்கள் கையை விட்டுப் போனது என்பதைக் காட்ட அந்தத் தாள் உதவும். சந்திப்பதற்கு வீட்டைச் சொல்லாமல், பம்பலப்பிட்டி மஜெஸ்டிக் சிட்டி போன்ற ஆள் நடமாட்டமுள்ள இடத்தைப் பகல் நேரத்தில் சொல்லுங்கள்.