ஆறாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று போடாதீர்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பார்த்த வேலை மூன்று மாதம் முன்பு போய்விட்டது. கிரீன் கார்டு இருக்கிறது. மாநில வேலைவாய்ப்புத் துறையான ஈடிடியிலிருந்து வேலையில்லா உதவித்தொகையாக வாரம் 450 டாலர் வருகிறது. ‘சும்மாதானே இருக்கீங்க, கடைக்கு வாங்க’ என்று மனைவியின் அண்ணன் கூப்பிட்டார். எட்டு வாரமாக வாரம் பத்து மணி நேரம் அவர் கடையில் நிற்கிறேன். வாரம் 200 டாலர் ரொக்கமாகத் தருகிறார். குடும்பத்துக்குள் நடப்பதுதானே என்று ஈடிடிக்குச் சொல்லவில்லை. இப்போது பயமாக இருக்கிறது. 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பில் உள்ள 40,000 டாலரை ஐயூஎல் என்ற ஆயுள் காப்பீட்டு பாலிசியில் போடச் சொல்கிறார் ஒரு நண்பர். போடலாமா?

பதில்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈடிடியின் கேள்விகளுக்குப் பதில் கொடுத்துச் சான்றளிப்பது, வேலை தேடுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதனால் நேராகக் கடை விஷயத்துக்கு வருகிறேன்.

சான்றளிக்கும்போது வரும் ஆறாவது கேள்வியை நிதானமாகப் படியுங்கள். வேலை செய்தீர்களா, பணம் ஏதும் ஈட்டினீர்களா என்று கேட்டு, கூடவே ‘ஊதியம் பெற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும்’ என்று சேர்த்திருக்கிறார்கள். மச்சான் ஒரு காசும் தராமல் இருந்திருந்தாலும் உங்கள் பதில் ‘ஆம்’தான். கல்லாவில் நிற்பது வேலை. உறவு என்பதால் அது உதவியாகிவிடாது.

மறைத்ததில் என்ன மிச்சம் என்று பாருங்கள். வாரச் சம்பாத்தியத்தில் 25 டாலர் அல்லது கால் பங்கு, எது அதிகமோ அதை ஈடிடி கணக்கில் எடுப்பதில்லை. 200 டாலரில் 50 போக 150தான் கழியும். சொல்லியிருந்தால் 300 உதவித்தொகை, 200 சம்பளம், ஆக 500 வந்திருக்கும். மறைத்ததால் 650 வந்தது. எட்டு வாரத்தில் கூடுதலாக வந்தது 1,200 டாலர். பலர் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது: சொல்லியிருந்தால் கழிந்திருக்கும் அந்த 150 எங்கும் போய்விடாது. உங்கள் மொத்த ஒதுக்கீட்டிலேயே இருக்கும். வேலை கிடைக்காவிட்டால், உரிமைக்காலமான ஓராண்டு முடிவதற்குள் அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஆகவே பின்னால் வர வேண்டிய பணத்தை முன்னாலேயே எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

மோசடி என்று முடிவு செய்தால் அந்த 1,200ஐத் திருப்பிக் கட்டுவதோடு 30 சதவீத அபராதமும் உண்டு, அது 360. அதற்கு மேல் 5 முதல் 23 வாரம் வரை வரும் உதவித்தொகையை இழப்பீர்கள். ஐந்து வாரம் என்றாலே 2,250. ரொக்கம்தானே, யாருக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். புதிதாகச் சேர்த்த ஆளை 20 நாளுக்குள் பதிவு செய்வதும், காலாண்டுதோறும் சம்பளக் கணக்குக் கொடுப்பதும் கடைக்காரரின் கடமை. அவர் கடையில் தணிக்கை வந்தால் உங்கள் பெயரும் வெளியே வரும்.

அடுத்த முறை சான்றளிக்கும்போதே உண்மையைப் போடுங்கள். பணம் எப்போது கைக்கு வந்தது என்பது முக்கியமல்ல. ஞாயிறு முதல் சனி வரை எந்த வாரத்தில் வேலை செய்தீர்களோ, அந்த வாரத்தில் பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையைக் காட்ட வேண்டும். போன எட்டு வாரங்களுக்கு வாரம், மணி நேரம், தொகை, கடையின் பெயர் நான்கையும் ஒரு தாளில் எழுதி, அவர்கள் கேட்கும் முன் நீங்களே ஈடிடிக்குத் தெரிவியுங்கள். அதற்கு முன் இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. முடிவு பாதகமாக வந்தால் கடிதத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அது நடக்கும்போதும் சான்றளிப்பதை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால், பிறகு ஜெயித்தாலும் அந்த வாரங்களின் பணத்தைப் பெறுவது சிக்கலாகிவிடும்.

மச்சானிடம் முறையான சம்பளப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது வர முடியாது என்று சொல்லிவிடுங்கள். இதில் தயங்க வேண்டாம்; அவர் மிச்சப்படுத்தும் வரிக்கு உங்கள் உதவித்தொகையைப் பணயம் வைக்கிறார். தொடர்ந்து போவதானால் சனிக்கிழமை போங்கள். வார நாள் பகலில் கடையை விட்டு நகர முடியாது என்றால், முழுநேர வேலைக்குத் தயாராக இருந்தீர்களா என்ற இன்னொரு கேள்வியிலும் மாட்டிக்கொள்வீர்கள்.

உதவித்தொகைக்கு மாநில வரி கிடையாது, மத்திய வரி உண்டு. இப்போதே 10 சதவீதம் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஐயூஎல் வேண்டவே வேண்டாம். 401(கே)யை ஆயுள் பாலிசிக்கு நேரடியாக மாற்ற முடியாது. வெளியே எடுத்துத்தான் கட்ட வேண்டும். ஐம்பது வயதைத் தொடாதவர் என்று வைத்துக்கொண்டால், மத்திய அபராதம் 10 சதவீதமும் கலிஃபோர்னியாவின் 2.5 சதவீதமும் சேர்ந்து 40,000க்கு 5,000 டாலர் போகும். வருமான வரி தனி. முதல் சில ஆண்டுகளில் பாலிசியை விட்டு வெளியேறினால் சரண்டர் கட்டணமும் பிடிப்பார்கள். சம்பளம் இல்லாதபோது பிரீமியம் எங்கிருந்து வரும் என்று அந்த நண்பரையே கேட்டுப் பாருங்கள். பழைய நிறுவனத்தின் திட்டத்திலேயே பணம் இருக்கட்டும். புது வேலை கிடைத்த பிறகு மாற்றுவதைப் பற்றிப் பார்க்கலாம்.