பத்திரம் சரி, தண்ணீர்?

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் மனை மலிவாக வருகிறது. வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை. வாங்கலாமா, சார்?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: அவசரப்படாதீர்கள். என் தங்கை கேட்டாலும் இதையே சொல்வேன். வில்லங்கச் சான்றில் பத்திரப் பதிவுகள்தான் தெரியும். மண்ணில் இறங்கியது தெரியாது. 1995-இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று அங்கே விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். மழையில் அது கரைந்து மஞ்சளாக ஓடும். நிலத்தடி நீரிலும் கலந்திருக்கிறது.

மனையிலோ பக்கத்திலோ உள்ள போர் தண்ணீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து, அந்தக் கழிவிலுள்ள நச்சு உலோகமான குரோமியம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிச் சோதியுங்கள். உப்பு, கடினத்தன்மை பார்க்கும் சாதாரணச் சோதனையில் அது வராது. லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. கொதிக்க வைத்தாலும் போகாது.

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது. சரி, மூடிப்போன ஆலையிடம் யார் வசூலிப்பது? காலத்துக்கும் லாரித் தண்ணீர்ச் செலவு உங்கள் தலையில்தான் விழும். அப்புறம், தண்ணீர் எடுக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.